காரைத் தாழ்த்தும் முன் ஒரு டேப் எடுங்க!

அப்பா புது காருக்கு மாறிவிட்டார். பதினைந்து வருடங்களுக்கும் மேலாக வீட்டில் ஓடிய பழைய மாருதி ஸ்விஃப்ட்டின் சாவி மகன் கைக்கு வந்துவிட்டது. அவனுக்கு ஒரே ஒரு ஆசைதான். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் தெரியும் அந்த இடைவெளியைக் குறைக்க வேண்டும். கார் தரையோடு ஒட்டிப் போக வேண்டும்.

“ஸ்பிரிங்ல ரெண்டு சுத்து வெட்டிவிட்டா போதும்தானேண்ணே?”

மெக்கானிக் பதில் சொல்லவில்லை. காரின் முன்பக்க மூலையில் இரண்டு கையையும் வைத்து அழுத்திவிட்டு எடுத்தார். ஒருமுறை எழும்பி நிற்க வேண்டிய கார், மூன்று முறை ஆடி நின்றது.

“முதல்ல இதைப் பாரு தம்பி!”

எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது ஸ்ட்ரட். ஸ்விஃப்ட்டின் முன்பக்கத்தில் ஸ்பிரிங், ஸ்ட்ரட்டைச் சுற்றியே உட்கார்ந்திருக்கும். பின்பக்கத்தில் ஸ்பிரிங் தனி, ஷாக் அப்சார்பர் தனி. காரின் அழகை மாற்றுவது ஸ்பிரிங் என்றாலும், டயரை ரோட்டிலேயே பிடித்து வைப்பது ஸ்ட்ரட்தான். காரைத் தாழ்த்த நினைப்பவர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான்.

வெட்டினால் என்ன ஆகும்?

உயரம் குறைந்தால், பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் அமுங்குவதற்கான இடமும் குறையும். அதனால்தான் முறையாகத் தயாரிக்கப்பட்ட லோயரிங் ஸ்பிரிங்குகள், ஒரிஜினலைவிடக் கொஞ்சம் கடினமாக இருக்கும். கடினமான ஸ்பிரிங் வேகமாக எதிர்த்துத் தள்ளும். அதை அடக்க ஸ்ட்ரட்டுக்கும் கூடுதல் பலம் வேண்டும். ஏற்கெனவே ஆயில் கசிந்து களைத்துப்போன ஸ்ட்ரட்டால் அது முடியாது. பைபாஸில் கார் படகு மாதிரி ஆடும். மேடு பள்ளத்தில் பிரேக் போட்டால் டயரின் பிடி விட்டுவிட்டுக் கிடைக்கும்.

ஸ்பிரிங்கை வெட்டுவது இதைவிட மோசம். சக்கரம் பெரிய பள்ளத்தில் தொங்கும்போது, குட்டையான ஸ்பிரிங் தன் இருக்கையைவிட்டே நழுவலாம். கேஸ் வைத்துச் சூடாக்கி இறக்குவதும் கூடவே கூடாது. சூட்டில் ஸ்பிரிங் எஃகின் உறுதி போய்விடும். ஒருபக்கம் அதிகம், ஒருபக்கம் குறைவு என்று கார் சாய்ந்து நிற்கும்.

முதல் செலவு டேப்

கடைக்குப் போகும் முன் சமதளத்தில் காரை நிறுத்த வேண்டும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுத வேண்டும். பிறகு வழக்கமாகப் போகும் ஐந்து பேரையும் ஏற்றி, டிக்கியில் பையையும் வைத்து, மறுபடி அளக்க வேண்டும்.

பழைய ஸ்விஃப்ட்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 170 மி.மீ. அதில் 40 மி.மீ. குறைத்தால் மிச்சம் 130. இந்திய ரோடு காங்கிரஸ் விதிப்படி, வளைவான ஸ்பீடு பிரேக்கர் 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 3 செ.மீ. மிச்சம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால், ஐந்து பேர் ஏறினாலே அதில் பெரும்பகுதி போய்விடும். தெருக்காரர்களே போட்ட குறுகலான, செங்குத்தான மேடுகளுக்கோ அளவே கிடையாது. பின் சீட்டில் உட்காரும் பாட்டியின் முதுகுக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு. ஆசை அடங்கவே இல்லை என்றாலும் 25, 30 மி.மீ.க்கு மேல் இறக்காமல் இருப்பது நல்லது.

வாங்கும்போது

அந்த மாடலுக்கு என்றே தயாரித்த ஸ்பிரிங்தானா என்று பார்க்க வேண்டும். பெட்ரோலா, டீசலா என்பதும் முக்கியம். டீசல் இன்ஜின் எடை அதிகம் என்பதால், பெட்ரோல் ஸ்பிரிங்கைப் போட்டால் முன்பக்கம் தேவைக்கு மேல் இறங்கிவிடும். ஸ்பிரிங்கையும் ஸ்ட்ரட்டையும் ஒன்றுக்கொன்று பொருந்தும் செட்டாக வாங்குவதுதான் பாதுகாப்பு. இடது பக்கம் மாற்றினால் வலது பக்கமும் மாற்ற வேண்டும்.

இத்தனை வயதான காரில் ஸ்ட்ரட் மவுன்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை எல்லாமே தேய்ந்திருக்கும். எப்படியும் கழற்றத்தான் போகிறார்கள், கூடவே மாற்றிவிட்டால் இரண்டாவது கூலி மிச்சம். புஷ் இருக்கும் போல்ட்டுகளின் கடைசி முறுக்கை, கார் சக்கரத்தில் நிற்கும் நிலையில்தான் போட வேண்டும். தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் சீக்கிரம் கிழியும். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். இல்லையென்றால் டயரின் உள்விளிம்பு சத்தமில்லாமல் தேயும். ஹெட்லைட்டையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். ஆகவே பணம் கட்டும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும், இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டுவிடுவது நல்லது. மாற்றியதை மறைத்தால், விபத்து நடந்த பிறகு க்ளெய்முக்கு அலைய வேண்டி வரலாம்.

மகன் அளந்து எழுதினான். பின்பக்கம் வலது மூலை, இடதைவிட 15 மி.மீ. கீழே இருந்தது.

“பாத்தியா, வண்டி ஏற்கெனவே தானா இறங்கிடுச்சு” என்று சிரித்தார் மெக்கானிக். “முதல்ல கம்பெனி ஸ்ட்ரட், கம்பெனி ஸ்பிரிங் புதுசா போடுவோம். ஒரு மாசம் ஓட்டு. அப்புறமும் இறக்கணும்னு தோணுச்சுன்னா வா, பேசலாம்.”

இரண்டு நாளில் வேலை முடிந்தது. வளைவில் கார் சாயவில்லை. ஸ்பீடு பிரேக்கரில் ஒரே ஒரு குலுக்கல், அவ்வளவுதான். டயருக்கு மேலே அந்த இடைவெளி மட்டும் அப்படியே இருந்தது.

மாதம் முடிந்தும் அவன் மெக்கானிக்கிடம் போகவில்லை. பழனிக்குப் போய் வந்த பாட்டி மட்டும் கேட்டாராம்: “ஏம்ப்பா, இது புது வண்டியா?”