அம்மா வந்தது

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "மாலையில் அம்மா மலையிலிருந்து வந்தது, அது களைத்திருந்தது" என்று கட்டுரை ஏட்டில் எழுதுகிறாள். ஆசிரியர் 'வந்தது' என்பதையும் 'அது' என்பதையும் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் 'திணை வழு' என்று குறித்துவிடுகிறார். குறித்தது சரியே. ஆனால் அத்துடன் பாடம் முடிந்துவிட்டதாக அவர் கருதுவதை நான் ஒப்பமாட்டேன்.

உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களில் தமிழ் கற்பிக்கும் எவரும் அறிவர்: லயத்தில் 'அம்மா வந்துச்சு', 'அக்கா சொல்லுச்சு' என்பதே வழக்கு. அஃது இகழ்ச்சியன்று, நெருக்கத்தால் வந்த பேச்சு. அன்பு மிகுந்த இடத்தில் திணையும் பாலும் மாறுவதை நம் இலக்கண நூலார் அறியாதவரல்லர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார், உவப்பு, உயர்வு, சிறப்பு, கோபம், இழிப்பு ஆகிய ஐந்து காரணங்களால் திணையும் பாலும் மயங்கலாம் என இடம் தந்திருக்கிறார். தன் பசுவை 'என் அம்மை வந்தாள்' என்று ஒருவன் சொல்வதை உவப்புக்கு எடுத்துக்காட்டுவது மரபு. பசு அம்மையாகலாம் எனின், அம்மா 'வந்துச்சு' ஆவதன் காரணத்தையும் வகுப்பில் பேசலாமன்றோ? பேசிய பின்னர், 'வீட்டில் அப்படி. ஏட்டில் அம்மா வந்தார்' என்று வேறுபாட்டைக் காட்டினால், அந்தப் பிள்ளை தன் தாய்மொழியைப் பிழை என்று எண்ணாமல் எழுத்துவழக்கைக் கற்றுக்கொள்ளும்.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. மலையகப் பள்ளிகளில் யாழ்ப்பாணத்து ஆசிரியர் பலர் நெடுங்காலம் பணியாற்றியுள்ளனர். அவர்கள் ஊரில் மக்களைக் குறித்தே 'அவை வந்தவை' என்பார்கள். ஏட்டில் 'அவை' அஃறிணைப் பன்மை. எங்கள் பிள்ளையின் 'அது'வைச் சுழித்த கை, வீடு சென்றதும் 'அவை' என்று பேசும்!

வேற்றுமைப் பாடத்திலும் இதே கோளாறுதான். ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள்; நான் 'என்' ஆகும், நீ 'உன்' ஆகும் என்று அட்டவணை எழுதுகிறார்கள். 'நானுக்குப் பசிக்கிறது' என்று சொன்ன தமிழ்க் குழந்தையை எவரேனும் கண்டதுண்டா? பள்ளிக்கு வருமுன்பே தெரிந்த ஒன்றுக்கு இரண்டு வாரம் செலவாகிறது. உண்மையில் இடறும் இடங்கள் வேறு. 'அவை' என்பது உருபேற்கும்போது 'அவற்றை, அவற்றுக்கு' என வற்றுச் சாரியை பெறுவது பேச்சில் இல்லை. ஆகவே 'அவைகளை' என்று எழுதுகிறார்கள். 'எல்லாவற்றையும்' என்பதும் 'எல்லோரையும்' என்பதும் மயங்குகின்றன. எல்லாவற்றிலும் பெரிய இடறல் 'தன்', 'தம்' பற்றியது. 'தொழிலாளர்கள் தனது சம்பளத்தைக் கேட்டனர்' என்று பத்தாம் வகுப்பிலும் எழுதுகிறார்கள். எழுவாய் பன்மை, வினை பன்மை, நடுவில் நிற்கும் பெயர் மட்டும் ஒருமை. கேட்டவர் பலர், 'தமது' என்று எழுதினாலன்றி அந்தப் பலரும் வாக்கியத்தில் சேரமாட்டார்கள். இதற்கே அந்த இரண்டு வாரத்தையும் கொடுக்கலாம்.

இனி, மரியாதைப் பன்மை. 'துரை வந்தார். கங்காணி வந்தார். கொழுந்து பறிக்கும் பெண் வந்தாள்.' மூன்று வாக்கியங்களிலும் இலக்கணப் பிழை இல்லை. இதை ஒரு பயிற்சியாகக் கரும்பலகையில் எழுதினேன்; கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன், "அவங்க மட்டும் ஏன் சார் வந்தாள்?" என்றான். ஒருவரைப் பன்மையால் சொல்வது உலக வழக்கால் வந்த உயர்வுச் சொல்லேயன்றி இலக்கண நெறியன்று எனத் தொல்காப்பியரே பிரித்துச் சொல்லியிருக்கிறார். யாருக்கு 'ஆர்' விகுதி, யாருக்கு 'ஆள்' விகுதி என்பதை நூல் தீர்மானிக்கவில்லை, பேசுவோர் தீர்மானிக்கிறார்கள். அந்தப் பையனுக்கு இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். எழுத்தில் உழைப்பவரையும் 'அவர்' என்று எழுதப் பழக்குவது ஆசிரியர் கையில்தான் இருக்கிறது.

'நாம்', 'நாங்கள்' என்ற வேறுபாடு இன்னும் நுட்பமானது. கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது நாம். அவரை விலக்கி நிற்பது நாங்கள். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இதற்கு இரு சொற்கள் இல்லை. எங்கள் பிள்ளைகள் கட்டுரையில் 'நமது நாடு' என்று தொடங்கி, மூன்றாம் வரியில் 'எங்கள் தோட்டத்தில்' என்று மாறுவார்கள். ஆசிரியர் இதை ஒருமைப்பாடின்மை என்று குறைப்பார். நான் குறைக்கமாட்டேன். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். எஞ்சி நின்றவர்க்கும் குடியுரிமை வழங்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் 'நாம்' என்பதற்கு வெளியே நிறுத்தப்பட்டவரின் பேரப்பிள்ளை, எந்த இடத்தில் 'நாம்' என்கிறது, எந்த இடத்தில் 'நாங்கள்' என்கிறது என்பதை ஆசிரியர் கூர்ந்து படிக்க வேண்டும். இரண்டையும் அறிந்து எழுதினால் அது பிழையே அன்று. அறியாமல் எழுதினால் மட்டுமே திருத்தம் வேண்டும். எது எது என்று பிள்ளையிடம் கேட்டால்தான் தெரியும்.

பிற மொழிப் பாடங்களுக்கும் இது உதவும். தமிழ் வினைமுற்று இடம், எண், பால் அனைத்தையும் தாங்கும். ஆங்கில நிகழ்கால வினை படர்க்கை ஒருமையில் மட்டும் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொள்ளும். சிங்களப் பேச்சில் வினை இடத்துக்கேற்ப மாறுவதே இல்லை, எழுத்துச் சிங்களத்தில் மாறும். கடைத்தெருவில் சிங்களம் கேட்டு வளரும் எங்கள் மாணவருக்கு இந்த ஒப்பீடு பத்து நிமிட வேலை.

இவற்றை ஆறாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும் என்பது என் துணிபு. சாதாரண தரத் தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கையில் 'அவற்றை' என்பதைச் சொல்லித் தந்தால், பிள்ளை அதையும் மனப்பாடமே செய்யும். முதல் பருவத்தில் அட்டவணை வேண்டா. பிள்ளைகள் தம் வீட்டாரைப் பற்றிப் பேசட்டும். பேசியவாறே கரும்பலகையின் இடப்பக்கம் எழுதுவோம். வலப்பக்கத்தை அவர்களே நிரப்பட்டும்.