கேள்விகளுக்கான ஒரு மணி நேரம்

பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூரைக் கடந்ததும் சிறுசேரி சிப்காட் பூங்கா வருகிறது. மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த அந்தப் பூங்காவுக்குள்தான் சென்னைக் கணிதவியல் கழகம் இருக்கிறது. கணித அறிஞர் சி.எஸ்.சேஷாத்ரி 1989இல் தொடங்கிய இந்தக் கழகம், 2005இல் இங்கே இடம் மாறியது. கணிதம், கணினி அறிவியல், இயற்பியல் ஆகிய துறைகளில் அங்கே அடிக்கடி செமினார் நடக்கிறது. அதற்கான அறிவிப்பு மிகச் சுருக்கமானது. பேசுபவர் பெயர், தலைப்பு, நாள், நேரம், அறை, ஒரு பத்தியில் உரையின் சாரம். உளவியல், நரம்பறிவியல் துறைகளிலும் இதே வழக்கம்தான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது மற்றுமொரு சொற்பொழிவாகத் தோன்றலாம். ஆனால் இதன் வேலை வேறு.

செமினாரைத் தமிழில் ஆய்வுரை எனலாம். ஓர் ஆய்வாளர், தாம் செய்துவரும் ஆய்வை மற்ற ஆய்வாளர்கள் முன் வைப்பதே ஆய்வுரை. பெரும்பாலும் அந்த ஆய்வு இன்னும் முடிந்திருக்காது. துறைக்குத் துறை இதில் வகைகள் உண்டு. பிறர் எழுதிய ஒரு கட்டுரையைக் கூடிப் படித்து விவாதிப்பது ஒரு வகை. வெளியூர் ஆய்வாளரை அழைத்துத் துறையினர் எல்லோரும் கேட்பது இன்னொரு வகை. முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வும் பல இடங்களில் எல்லோரும் வந்து கேட்கும்படியே நடக்கிறது.

ஓர் ஆய்வுரை ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடக்கும். கேள்வி என்ன, அதை எப்படி அளந்தோம், என்ன கிடைத்தது, அதற்கு என்ன பொருள் என்று நான்கு படிகளில் பேச்சு நகரும். கணித ஆய்வாளர் கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசுவார். மூளை ஆய்வாளர் திரையில் படங்களையும் வரைபடங்களையும் காட்டுவார். கேட்பவர்கள் கடைசிவரை காத்திருக்க வேண்டியதில்லை. புரியாத இடத்தில் கை தூக்கலாம். அப்படி எழும் கேள்விகளுக்காகத்தான் இந்த ஏற்பாடு முழுவதும்.

காரணம் எளிது. ஆய்விதழுக்கு ஒரு கட்டுரை போனால், வழக்கமாக இரண்டு மூன்று வல்லுநர்கள் அதைப் படித்துக் கருத்துச் சொல்வார்கள். அவர்கள் பார்ப்பது எழுதி முடித்த கட்டுரையை. ஆய்வுரையிலோ அதற்கு முன்பே பலர் ஆய்வைப் பார்த்துவிடுகிறார்கள். புள்ளியியல் தெரிந்தவர் ஒன்றைக் கவனிப்பார். கருவியைப் பழகியவர் வேறொன்றைக் கவனிப்பார். தவறு இருந்தால் அங்கேயே தெரியவரும். திருத்தவும் நேரம் இருக்கும்.

மூளை ஆய்வில் இந்தச் சோதனை மிகவும் தேவைப்படுகிறது. மனத்தை நேரடியாக அளக்கும் கருவி எதுவும் கிடையாது. செயல்சார் காந்த அதிர்வுப் படமுறை என்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுருக்கமாக எஃப்எம்ஆர்ஐ என்பார்கள். மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. அந்த மாற்றத்தைத்தான் எஃப்எம்ஆர்ஐ அளக்கிறது. அது சில நொடிகள் தாமதித்தே தெரியும். செய்தித்தாளில் வரும் மூளைப் படத்தில் சிவப்பாக ஒளிரும் இடம் எண்ணத்தின் புகைப்படம் அல்ல. கணக்கிட்டுக் கிடைத்த முடிவுக்குப் பூசிய நிறம் அது.

அந்தக் கணக்கு எப்படி நடக்கிறது? மூளையைச் சில மில்லிமீட்டர் அளவுள்ள கனத் துண்டுகளாகக் கணினி பிரிக்கிறது. இந்தத் துண்டுக்கு வாக்ஸல் என்று பெயர். ஒவ்வொரு வாக்ஸலிலும் மாற்றம் உண்டா என்று தனித்தனியே சோதிக்கிறார்கள். நூற்றுக்கு ஐந்து முறை தற்செயலாகத் தவறும் சோதனையை 20,000 வாக்ஸல்களில் நடத்தினால், எதுவுமே நிகழாத மூளையிலும் ஏறக்குறைய 1,000 வாக்ஸல்கள் ஒளிரும். இதை 2009இல் அமெரிக்க ஆய்வாளர் கிரெய்க் பென்னெட்டும் சக ஆய்வாளர்களும் ஒரு மாநாட்டில் காட்டினார்கள். இறந்த சால்மன் மீன் ஒன்றைக் கருவிக்குள் வைத்து, அதற்கு மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். கணக்கில் உரிய திருத்தம் செய்யாதபோது, அந்த மீனின் மூளையிலும் சில வாக்ஸல்கள் ஒளிர்ந்தன. திருத்தம் செய்ததும் அவை மறைந்தன. இத்தனை சோதனைகளுக்கும் சேர்த்துத் திருத்தம் செய்தீர்களா என்று ஆய்வுரையில் ஒருவர் கேட்பதற்குப் பின்னால் இவ்வளவு பொருள் இருக்கிறது.

உளவியலும் இதே பாடத்தைக் கற்றது. ஏற்கெனவே வெளிவந்த 100 உளவியல் ஆய்வுகளைப் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து திரும்பச் செய்து பார்த்தார்கள். முடிவு 2015இல் சயின்ஸ் இதழில் வந்தது. மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு, தற்செயல் என்று ஒதுக்க முடியாத விளைவு கிடைத்ததாகச் சொல்லியிருந்தன. திரும்பச் செய்தபோது 36 விழுக்காட்டில்தான் அப்படிக் கிடைத்தது. எத்தனை பேரிடம் சோதித்தீர்கள், வேறு யாராவது செய்து பார்த்தார்களா என்ற கேள்விகள் அதன்பின் இன்னும் அழுத்தமாக எழுகின்றன.

சென்னையிலேயே மூளை ஆய்வு பெரிய அளவில் நடக்கிறது. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவிலிருக்கும் குழந்தையின் மூளைக்கு தரணி என்ற பெயரில் ஒரு முப்பரிமாண வரைபடத்தை 2024 டிசம்பரில் வெளியிட்டது. மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, ஒவ்வொன்றையும் உயிரணு தெரியும் நுட்பத்தில் படமெடுத்து, கணினியில் மீண்டும் அடுக்கியிருக்கிறார்கள். 5,132 சீவல்களின் படங்களை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். இப்படிப்பட்ட வேலையைப் பற்றிய ஆய்வுரையில் எழக்கூடிய கேள்விகளை நாமே ஊகிக்கலாம். எத்தனை மூளைகள்? எந்த வாரத்துக் கரு? சிலவற்றில் கண்டதை எல்லாக் குழந்தைகளுக்கும் எந்த அளவுக்குச் சொல்லலாம்? இவற்றைக் கேட்பது வேலையைக் குறைத்து மதிப்பதாகாது. முடிவின் எல்லை எங்கே இருக்கிறது என்று தெளிவுபடுத்துவதே இக்கேள்விகளின் நோக்கம்.

ஆய்வுரைக் கூட்டத்திலிருந்து ஒரு நிறுவனமே பிறந்த வரலாறும் இந்த ஊருக்கு உண்டு. இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன், மயிலாப்பூரில் இருந்த தம் குடும்ப வீடான ஏகாம்ர நிவாஸில் மாணவர்களைக் கூட்டி ஆய்வுரைகள் நடத்திவந்தார். 1960 ஜனவரியில் சென்னை வந்த இயற்பியலாளர் நீல்ஸ் போர் அந்தக் குழுவைக் கண்டு பாராட்டினார். அமைச்சர் சி.சுப்பிரமணியம் துணை நின்றார். பிரதமர் நேருவின் ஆதரவும் கிடைத்தது. 1962 ஜனவரி 3 அன்று கணித அறிவியல் நிறுவனம் தொடங்கியது. இன்று அது தரமணியில் இயங்குகிறது. பெருங்கருவிகளோ தனிக் கட்டடமோ இல்லாத இடத்தில், ஒழுங்காகக் கூடிக் கேள்வி கேட்கும் பழக்கமே அதற்கு முதலாக அமைந்தது.

ஆய்வுரைக்கும் குறைகள் உண்டு. மூத்தவர்கள் மட்டுமே பேசும் அறையில் மாணவர் கை தூக்கத் தயங்குவார். கேள்வி குத்தலாக மாறினால் பேசுபவர் தம் ஐயங்களை மறைக்கத் தொடங்குவார். இரண்டையும் தடுப்பது கூட்டத்தை நடத்துபவரின் பொறுப்பு. முதல் கேள்வியை மாணவருக்கு ஒதுக்கினாலே பாதி மாற்றம் வந்துவிடும். உளவியலும் நரம்பறிவியலும் நம் எல்லோருடைய மனத்தையும் பற்றியவை. ஆகவே அத்துறைகள் தம் ஆய்வுரைகளில் சிலவற்றையாவது பொதுமக்களுக்குத் திறந்துவிடலாம். அறிவிப்பில் தமிழிலும் ஒரு பத்தி சேர்க்கலாம்.

வாசகர்களும் தங்கள் பங்குக்கு ஒன்று செய்யலாம். மூளையைப் பற்றிய புதிய கண்டுபிடிப்பு என்று செய்தி வந்தால், எதை அளந்தார்கள், எத்தனை பேரிடம் அளந்தார்கள், வேறு யாருக்காவது அதே முடிவு கிடைத்ததா என்று கேட்டுப் பாருங்கள். இம்மூன்றுக்கும் விடையில்லாத செய்தியை உடனே நம்பவும் வேண்டாம், உடனே தள்ளவும் வேண்டாம். விடை வரும்வரை காத்திருங்கள்.