மூடிய கார்டா நிலையங்களும் கிராமப்புறக் காவலும்: சங்கத்தின் நிலைப்பாடு

அயர்லாந்தின் காவல் படையான கார்டா, 2012-இல் 39 நிலையங்களையும் 2013-இல் 100 நிலையங்களையும் மூடியது. 703 ஆக இருந்த எண்ணிக்கை 564 ஆனது. மூடப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஒரே ஒரு காவலரின் (அவரும் கார்டா என்றே அழைக்கப்படுவார்) பொறுப்பில், நாளுக்குச் சில மணி நேரம் மட்டும் திறந்திருந்த சிற்றூர் நிலையங்கள். அந்தக் கட்டடங்களில் சில விற்கப்பட்டுவிட்டன. சில உள்ளூர்க் குழுக்களின் கையில் இருக்கின்றன. சில பூட்டியே கிடக்கின்றன. எஞ்சியவற்றை விற்பதா, காவலுக்கே திருப்புவதா என்பதுதான் இப்போது எழுந்துள்ள கேள்வி.

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கார்டா விடுபட்டால் ரோந்துக்குப் போவார் என்பது அன்றைய நீதித்துறை அமைச்சர் ஆலன் ஷாட்டர் தரப்பின் வாதம். சங்கம் இதைக் கொள்கையளவில் மறுக்கவில்லை. ஆனால் கார்டாவின் டெம்பிள்மோர் பயிற்சிக் கல்லூரிக்கு ஆளெடுப்பு 2009-இல் நிறுத்தப்பட்டது. 2014 செப்டம்பரில்தான் புதிய அணி உள்ளே வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் 14,000-க்கு மேல் இருந்த படை 13,000-க்குக் கீழே இறங்கியது. விடுபட்டவர்கள் ஓய்வு பெற்றவர்களின் காலி இடங்களை அடைக்கப் போனார்கள். ரோந்து வரும் என்று சொல்லித்தான் கதவைப் பூட்டினார்கள். கதவு மட்டும் பூட்டப்பட்டது.

சிற்றூர் நிலையத்தின் பயனை அது திறந்திருந்த மணிக்கணக்கைக் கொண்டு அளந்ததே அடிப்படைத் தவறு என்பது செயற்குழுவின் ஒருமித்த முடிவு. நிலையத்துக்கு வந்தவர்களில் பலர் புகாரோடு வந்தவர்கள் அல்லர். கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்க வந்தார்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வேட்டைத் துப்பாக்கி உரிமத்தைப் புதுப்பிக்க வந்தார்கள். சாலையில் நிறுத்தப்பட்டவர்கள் பத்து நாளுக்குள் காப்பீட்டுத் தாளையும் ஓட்டுநர் உரிமத்தையும் காட்ட வந்தார்கள். வந்த வேலை ஐந்து நிமிடத்தில் முடியும். பிறகு பேச்சு தொடங்கும். அடுத்த பண்ணையில் இரண்டு நாளாகப் புகைபோக்கியில் புகை இல்லை; ஒரு வெள்ளை வேன் மூன்றாம் முறையாக அந்தச் சந்துக்குள் போய் வந்தது; இன்னாருடைய மகன் குடிக்கத் தொடங்கிவிட்டான். எதுவும் பதிவேட்டில் ஏறாது. எல்லாம் ஒரு மனிதரின் நினைவில் தங்கும். அவர் கால்நடைச் சந்தையிலும் பள்ளி வாசலிலும் தலையசைத்துப் போகும்போது அந்த நினைவு வேலை செய்தது. தனியாக வாழும் முதிய விவசாயி அவசர எண்ணை அழைக்க ஆயிரம் தடவை யோசிப்பார். தெரிந்தவரின் காதில் போட்டுவைக்கத் தயங்கமாட்டார். நாற்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் வண்டியில் இருப்பவர், எவ்வளவு திறமையானவராயினும், எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார் என்று அறியமாட்டார். இந்த அறிவைச் செலவுப் பட்டியலில் பூச்சியமாகக் குறித்தவர்கள் கிராமத்தையே பூச்சியமாகக் குறித்தார்கள்.

ஊருக்குள் குடியிருந்து காவல் செய்யும் இந்த முறையின் வேர் பழையது. 1919-20 குளிர்காலத்தில் பிரிட்டிஷ் ஆட்சியின் ராயல் ஐரிஷ் கான்ஸ்டபுலரி சிறிய கிராமக் காவல் முகாம்களைக் கைவிட்டுப் பெரிய ஊர்களுக்குப் பின்வாங்கியது. காலியான முகாம்களில் பல நூறு, 1920 ஈஸ்டரை ஒட்டித் தீக்கிரையாயின. 1922-இல் உருவான கார்டா அதே கிராமங்களுக்குள் திரும்பி வந்தது, இம்முறை துப்பாக்கி இல்லாமல். ஆயுத பலத்தால் அல்ல, மக்களின் நம்பிக்கையால் காவல் செய்யலாம் என்ற துணிவு, மக்கள் நடுவில் குடியிருந்ததால்தான் நிலைத்தது. உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில்கூடச் சிற்றூர்களில் நிலையம் திறக்க ஒரு புதிய அரசால் முடிந்தது.

மூடலால்தான் திருட்டு கூடியது என்று சங்கம் அறுதியிட்டுச் சொல்லவில்லை. இதில் உறுப்பினர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நெடுஞ்சாலைகளைப் பயன்படுத்தி வந்த கொள்ளைக் கும்பல்களுக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆயினும் 2015 அக்டோபரில் டிப்பரேரியின் தர்லஸ் ஊரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடித் தங்கள் அச்சத்தைச் சொன்ன பிறகே, வீடு புகுந்து திருடுவோருக்கு எதிரான கார்டாவின் ஆபரேஷன் தோர் நவம்பரில் தொடங்கியது. அவர்கள் கூடும்வரை ஏன் காத்திருக்க வேண்டியிருந்தது?

2016-இல் அமைந்த அரசின் ஆட்சித் திட்டம் சோதனை முறையில் ஆறு நிலையங்களை மீண்டும் திறக்க ஒப்புக்கொண்டது. தேர்வானவை ஸ்டெப்பசைடு, ரஷ், பாலின்ஸ்பிட்டில், டொனார்டு, லெக்லின்பிரிட்ஜ், பான்பாய். ஆறில் இரண்டு டப்ளின் கவுண்டியைச் சேர்ந்தவை. அந்த ஊர்களின் தேவையைச் சங்கம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தலைநகரின் மலையடிவாரப் புறநகரான ஸ்டெப்பசைடுக்காக அத்தொகுதியைச் சேர்ந்த அமைச்சர் அமைச்சரவைக்குள் குரல் எழுப்பினார். மேற்குக் கடற்கரைச் சிற்றூர்களுக்காக அங்கே அப்படியொரு குரல் கேட்கவில்லை. அமைச்சரின் தொகுதி எது என்பது காவல் கிடைப்பதற்கான தகுதியாகத் தோன்றவே கூடாது.

இணையவழிப் புகார் வசதி வரவேற்கத்தக்கது. அது நிலையத்துக்கு மாற்று ஆகாது. வீட்டு வன்முறைக்கு உள்ளானவர்கள் சிற்றூர் நிலையத்தின் முன்வாசலில் நுழையக் கூசலாம் என்று சில உறுப்பினர்கள் சுட்டியது நியாயமானது; அதற்கெனத் தனி ஏற்பாடு வேண்டும்.

மூடிய 139 நிலையங்களையும் திறக்க வேண்டும் என்பது சங்கத்தின் கோரிக்கை அல்ல. சில இடங்களில் மக்கள்தொகை மாறிவிட்டது; சில கட்டடங்கள் பழுதுபார்க்கும் நிலையைத் தாண்டிவிட்டன. நிலையம் இழந்த ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் அறிவிக்கப்பட்ட ஒரு கார்டா வேண்டும். அவர் குறைந்தது சில ஆண்டுகள் அங்கேயே பணியில் நீடிக்க வேண்டும். இயன்றவரை அவர் அப்பகுதியிலேயே குடியிருப்பது விரும்பத்தக்கது என்ற சொற்றொடரைச் செயற்குழு ஏற்றது. குடியிருந்தே ஆக வேண்டும் என்று கேட்ட உறுப்பினர்களே பெரும்பான்மை என்பதும் இங்கே பதிவாகிறது. வாரத்தில் குறித்த நாளில், குறித்த நேரத்தில், சமுதாய மண்டபம் போன்ற பொது இடத்திலாவது மக்கள் அவரைச் சந்திக்க முடிய வேண்டும். மீண்டும் திறப்பதற்கான அளவுகோல்கள் வெளியிடப்பட வேண்டும். ஓர் ஊர் ஏன் தேர்வானது, இன்னொன்று ஏன் விடுபட்டது என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும். அந்தப் பதில் வரும்வரை அரசின் பொதுப்பணி அலுவலகத்தின் வசமுள்ள முன்னாள் நிலையக் கட்டடம் எதையும் விற்பதைச் சங்கம் எதிர்க்கும்.