துணிக்கு ஒரு துபாஷி, உயிருக்கு?

பழவேற்காடு ஏரிக்குத் தண்ணீர் ஒன்றுதான், மாநிலம் இரண்டு. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு ஓரம் நம்மிடம். மீனுக்கு இதெல்லாம் தெரியாது. காலையில் தெலுங்கு, மாலையில் தமிழ் என்று ஜாலியாக நீந்துகிறது.

மனுஷன் கதை வேறு. கரையோரக் குப்பங்களில் இரண்டு பாஷையும் கலந்துகட்டி அடிப்பவர்கள் நிறைய. இறால் விலை பேச அது தாராளம். உடம்புக்கு வந்தால்?

வடக்கேயிருந்து ஒரு பெரியவர், தமிழ் மட்டுமே தெரிந்த டாக்டரிடம் வருகிறார் என்று வையுங்கள். 'குண்டே நொப்பி' என்கிறார். தெலுங்கில் 'குண்டே' என்றால் இதயம். தமிழ்க் காதில் அது உடம்பின் எந்த இடமாக விழும் என்று எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்! க்யூவில் நிற்பவர்கள் சிரித்து முடிப்பதற்குள், ஈ.ஸி.ஜி. எடுக்க வேண்டிய நிமிஷங்கள் ஓடிப்போயிருக்கும். "எத்தனை நாளா?" என்று கேட்டால் "மூடு" என்பார். மூன்று என்று அர்த்தம். நர்ஸ் போய்க் கதவைச் சாத்துவார்!

நம்மூர்ப் பெண் ஒருத்தி சூலூர்பேட்டைப் பக்கம் போய், நீர்க்கடுப்பை நினைத்துக்கொண்டு "கடுப்பா இருக்கு" என்றால்? தெலுங்கில் 'கடுபு' என்றால் வயிறு. கர்ப்பத்துக்கும் அதே வார்த்தைதான். மருந்தே மாறிப்போகும்.

சரி, மொழிபெயர்க்க யார்? கூட வந்த மகன். ஏழாவது படிக்கிறான். அம்மாவுக்கு வெள்ளைப்படுதல். மகனிடம் சொல்வாளா? "அசதியா இருக்குன்னு சொல்லுடா" என்கிறாள். "டயர்டா இருக்காம் சார்" என்கிறான் பையன். டாக்டர் சத்து மாத்திரை எழுதுகிறார். மூன்று பேரும் அவரவர் வேலையைச் செய்தாகிவிட்டது. வியாதி மட்டும் வாயையே திறக்கவில்லை!

1980-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 18 வயசுப் பையன் ஒருவன் மயங்கி விழுந்தான். கியூபாக் குடும்பம். 'இன்டாக்ஸிகாடோ' என்றார்கள். சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்ற அர்த்தத்தில். டாக்டர்கள் போதை மருந்து என்று எடுத்துக்கொண்டார்கள். மூளையில் ரத்தக்கசிவு என்பது தாமதமாகத்தான் தெரிந்தது. இரண்டு கை, இரண்டு கால், நான்கும் முடங்கின. நஷ்டஈடு, வாழ்நாள் கணக்கில் 7 கோடியே 10 லட்சம் டாலர் வரை! என் பி.காம். மூளை உடனே கணக்குப் போடுகிறது... ஒரு மொழிபெயர்ப்பாளருக்குச் சம்பளம் எவ்வளவு ஆகியிருக்கும்?

இதே பழவேற்காட்டில் 1613-ல் டச்சுக்காரர்கள் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். வந்தது துணி வியாபாரத்துக்கு. அந்தக் காலத்தில் இந்தக் கரையில் வெள்ளைக்காரர்கள் வியாபாரம் துபாஷி இல்லாமல் நடக்காது. இரண்டு பாஷை தெரிந்த மனுஷர். சம்பாத்தியமும் உண்டு, மரியாதையும் உண்டு. 400 வருஷம் கழித்து, உயிர் விஷயத்துக்கு ஏழாவது படிக்கிற பையன்!

திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்தும் வருகிறார்கள். அவர்களுக்குக் கலந்துகட்டக்கூட வழியில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்டெதாஸ்கோப் மாதிரி துபாஷியும் இருக்கவேண்டும், சம்பளத்தோடு. பெண்கள் பேச ஒரு பெண். அதுவரை, "நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்மா" என்று டாக்டர் கேட்டாலே பாதிக் குழப்பம் தீரும். மீதிப் பாதிக்கு, க்யூவில் நிற்கும் உங்களுக்கு அந்தப் பாஷை தெரிந்தால்... கொஞ்சம் முன்னால் வாங்க சார்!