‘தொழில்’ என்றால் என்ன?

எந்தச் சட்டத்தைப் புரட்டினாலும் தொடக்கத்தில் சொற்பொருள் விளக்கம் இருக்கும். ‘தொழில்’ என்றால் இன்னது, ‘தொழிலாளி’ என்றால் இன்னார் என்று சட்டப் பண்டிதர்கள் எழுதி வைத்திருப்பார்கள். இது அகராதி வேலை அல்ல. யாருக்கு நியாயம், யாருக்கு இல்லை என்ற எல்லைக்கல் அங்கேதான் நடப்படுகிறது.

1947-ம் வருடத்துத் தொழில் தகராறுச் சட்டத்தின் கதையையே பார்ப்போம். ‘தொழில்’ நடக்கும் இடத்தில் உழைப்பவருக்கே அது பாதுகாப்பளித்தது. ஆஸ்பத்திரி தொழிலா? பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரி வார்டு சிப்பந்திகளை வேலை நீக்கம் செய்த வழக்கில், ‘ஆம்’ என்றது சுப்ரீம் கோர்ட், அது 1960. டில்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரி வழக்கில், ‘இல்லை’ என்றது அதே கோர்ட், அது 1970. சிப்பந்தி கூட்டிய தரை மாறவில்லை, சுமந்த பாரம் மாறவில்லை. சொல்லின் பொருள் மாறியது, உரிமை பறிபோனது!

வயலுக்கும் இதே கதிதான். சர்க்கரைக் கம்பெனி நடத்தும் கரும்புப் பண்ணை ‘தொழில்’ என்று 1963-ல் தீர்ப்பாயிற்று. விவசாயம் முழுவதும் தொழிலா என்ற கேள்வியைக் கோர்ட் தொடவில்லை.

1978-ல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்ந்தனர். கேரளத்தின் 1957-ம் வருடக் கம்யூனிஸ்டு மந்திரிசபையில் இருந்த வி.ஆர். கிருஷ்ணய்யர் முக்கியத் தீர்ப்பை எழுதினார். எஜமானரும் உழைப்பாளியும் சேர்ந்து, முறையாக, மக்களுக்கு வேண்டிய பொருளையோ சேவையையோ தந்தால் அது தொழில். லாப நோக்கம் உண்டா என்பது கேள்வியல்ல என்றார். ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் கதவு திறந்தது. 1982-லேயே பார்லிமெண்ட் அக்கதவை மூட ஒரு புதிய விளக்கத்தை நிறைவேற்றியது. அது அமலுக்கு வரவே இல்லை.

2025 நவம்பர் 21-ல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்தது. அதன்படி வீட்டு வேலை ‘தொழில்’ அல்ல. தர்ம காரிய அமைப்புகள் நடத்தும் ஸ்தாபனங்களும் அல்ல. ஆனால் ‘வேலை நிறுத்தம்’ என்ற சொல் மட்டும் நீண்டிருக்கிறது. பாதிப் பேர் கூடிப் பேசி ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலை நிறுத்தமாம்! முன்னறிவிப்பு தராவிட்டால் சட்ட விரோதமாம்! உரிமை தரும் சொல் சுருங்குகிறது; தண்டனை தரும் சொல் விரிகிறது.

ஆலைத் தோழர்களே, வயல் தோழர்களே! சட்டத்தின் இரண்டாவது பிரிவைச் சங்கக் கூட்டங்களில் உரக்கப் படியுங்கள். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திக் கேளுங்கள்: இதற்குள் நாம் இருக்கிறோமா, வெளியே தள்ளப்பட்டிருக்கிறோமா? பொருளைப் பண்டிதர்கள் எழுதலாம். அதை மாற்றி எழுத வைக்கும் பலம் ஒன்றுபட்ட உழைப்பாளருக்கு உண்டு.