மறுதரப்பையும் கேட்போம்



இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே சுமார் 11 கிலோமீட்டர் தூரமே உண்டு. 2018 ஜனவரி 7 அன்று இராஜபாளையத்தில் கவிஞர் வைரமுத்து ஆண்டாளைப் பற்றிய கட்டுரையொன்றை அரங்கேற்றினார். தினமணி அதனை வெளியிட்டது. நீண்ட அக்கட்டுரையில் பிறர் ஆய்விலிருந்து எடுத்தாளப்பட்ட ஒரு கருத்து ஆண்டாளை இழிவுபடுத்துவதாகக் கூறிப் பக்தர்கள் கொதித்தெழுந்தனர். ஸ்ரீவில்லிபுத்தூர் ஜீயர் உண்ணாவிரதம் இருந்தார். கவிஞர் வருத்தம் தெரிவித்தார். நாளேட்டின் ஆசிரியர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே நேரில் சென்றார்.

அந்நாள்களில் நம் கைப்பேசிகளுக்கு இருவகைச் செய்திகள் வந்தன. ஒன்றில் அந்த ஒரு வரி மட்டும் இருந்தது. கட்டுரையின் ஏனைய பகுதி இல்லை. மற்றொன்றில் கருத்துரிமை மட்டும் இருந்தது; ஆண்டாளைத் தாயாக வணங்குவோரின் மனவலி இல்லை. அது நம் வீட்டு விவகாரம் அன்று என்பதால் இக்குறையை நாம் எளிதில் கண்டுகொண்டோம். நம்மைப் பற்றிய செய்தி வரும்போதும் அதே பார்வை நமக்கு இருக்கிறதா? நெஞ்சில் கைவைத்துச் சொன்னால், பெரும்பாலும் இல்லை.

நாம் விரும்பிப் பார்ப்பதையே மேன்மேலும் தருவது சமூக ஊடகங்களின் இயல்பு. அமெரிக்கரான ஈலை பாரிசர் 2011இல் வெளிவந்த தம் நூலில் இந்நிலையை 'வடிகட்டிக் குமிழி' என்றார். எதிர்க்கருத்தையும் அத்தளங்களே பரிந்துரைக்கட்டும் என்பது பலர் கூறும் தீர்வு. நல்ல யோசனைதான், ஆனால் அது மட்டும் போதாது. 2018இல் வெளியான கிறிஸ் பெயில் குழுவினரின் ஆய்வில், ட்விட்டரில் ஒரு மாதம் எதிர்த்தரப்புப் பதிவுகளைப் பார்த்துவந்த அமெரிக்கக் குடியரசுக் கட்சியினர் தம் நிலைப்பாட்டில் முன்னிலும் இறுகிப்போயினர். எதிர்க்கருத்து கண்ணில் படுவது வேறு. அதற்குச் செவிசாய்ப்பது வேறு.

மேலும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எந்த இயந்திரமும் செய்தியைத் தேர்ந்தெடுத்துத் தருவதில்லை. அங்கே வடிகட்டி நாமேதான்.

அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேராதபடி, வரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு சூரா அல்ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் பணிக்கிறது. ஒரு கூட்டத்தார் மீதான வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்யலாகாது என்று சூரா அல்மாயிதாவின் 8ஆம் வசனம் எச்சரிக்கிறது. ஆகவே, நமக்குப் பிடிக்காதவரைப் பற்றிய செய்தியைத்தான் நாம் கூடுதலாக விசாரிக்க வேண்டும்.

சினமூட்டும் செய்தி வந்தால் பகிர்வதற்கு முன் முழுமையாகப் படிப்போம். மறுதரப்பில் நிதானமாகப் பேசும் ஒருவரின் விளக்கத்தைத் தேடுவோம். அத்தரப்பைச் சார்ந்த அண்டை வீட்டாரிடமோ உடன் பணிபுரிவோரிடமோ நேரில் கேட்போம். அவர்கள் சொல்வதை ஏற்றாக வேண்டும் என்பதில்லை. மறுப்பதாயினும் அறிந்தபின் மறுப்போம். நம் பிள்ளைகள் இப்பழக்கத்தை நம்மைப் பார்த்தே கற்பார்கள்.

நாம் நியாயம் கேட்கும் நாளில் பிறர் நம் சொல்லைக் கேட்க வேண்டுமென்றால், இன்று பிறர் சொல்லை நாம் கேட்டிருக்க வேண்டும். நீதியின்மீது நிலைத்திருப்போராக அல்லாஹ் நம்மை ஆக்கி அருள்வானாக!