குரும்பைத் தீவும் நம்மவர் கூச்சமும்

“ஓட்டல் தொழில் நம் குடும்பத்துக்கு ஆகாது” என்று போச்சம்பள்ளியில் பெரியவர் ஒருவர் தம் மகனைத் தடுத்துவிட்டார். சிப்காட் ஆலையில் இரவு முறைக்கு நிற்கலாமாம். விடுதி மேலாண்மை படிக்கலாகாதாம்! “மாலத்தீவைப் பாரும், மது விற்றல்லவா செல்வம் சேர்த்தார்கள்?” என்பது அவருடைய வாதம்.

சரி, மாலத்தீவையே பார்ப்போம். மாசிக் கருவாட்டை இலங்கைக்கு விற்றுப் பிழைத்த நாடு அது. சுற்றுலாவுக்கு அத்தீவுகள் ஏற்றவையல்ல என்று 1960-களில் ஐ.நா. வல்லுநர்கள் கைவிரித்துவிட்டனர். பாரத ஸ்டேட் வங்கி அங்குக் கிளை திறந்ததே 1974-இல்தான். 1971-இல் ஜார்ஜ் கோர்பின் என்ற இத்தாலியப் பயண முகவர் வந்து அக்கடலைக் கண்டு மயங்கினார். அவரே மாலத்தீவைக் ‘கண்டுபிடித்தவர்’ என எழுதுவோர் உளர். பதினான்காம் நூற்றாண்டிலேயே அங்குக் காழியாயிருந்த இப்னு பதூதா கேட்டால் நகைப்பார்!

கோர்பின் விருந்தினரை அழைத்து வந்தார், மெய்தான். ஆனால் அவர்களுக்குக் கூரை வேய்ந்தவர்கள் முஹம்மது உமர் மணிக்கு, அஹ்மத் நசீம், ஹுசைன் அஃபீஃப் ஆகிய மண்ணின் மைந்தர்கள். விஹாமனாஃபுஷி தீவில் பவளக் கல்லும் தென்னோலையும் கொண்டு முப்பது அறைகள் எழுப்பி, 1972 அக்டோபர் 3 அன்று ‘குரும்பா’ விடுதியைத் திறந்தனர். நாம் குரும்பை என்பதும் அவர்கள் குரும்பா என்பதும் தென்னையின் இளங்காயைத்தான். அவ்வாண்டு வந்தவர் ஏறத்தாழ ஆயிரம் பேர்; 2024-இல் இருபது இலட்சத்துக்கும் மேல்.

குறை இல்லையா? உண்டு. விருந்தினர் தீவு வேறு, ஊரார் தீவு வேறு என்று பல்லாண்டு பிரித்து வைத்தார்கள். மதுவுக்கு விருந்தினர் தீவில் மட்டும் இசைவு. சொந்தக் கடற்கரையின் வருவாயில் மீனவக் குடும்பத்துக்குப் பங்கு எங்கே? இதை நான் மூடி மறைக்கமாட்டேன்.

ஆனால் 2009-க்குப் பிறகு நடந்ததைப் பெரியவர் அறியவில்லை. குடிமக்கள் வாழும் தீவுகளிலும் தங்கும் விடுதி நடத்த அரசு வழிவிட்டது. அங்கு மது கிடையாது. மாஃபுஷி போன்ற ஊர்களில் குடும்பங்களே விடுதி நடத்துகின்றன. பாங்கோசை கேட்கும் தெருவில்தான் வெளிநாட்டார் தங்குகின்றனர். மது இல்லையென்று எவரும் வராமலிருந்தார்களா?

வழிப்போக்கருக்கு முசாபிர்கானா கட்டிய சமுதாயம் நம்முடையது. சோறிடுவதும் பாய் விரிப்பதும் நமக்கு எப்போது இழிவாயின? பெங்களூருச் சாலையில் நாள்தோறும் ஆயிரமாயிரம் பேர் பசியோடு போகிறார்கள். அவர்களுக்கு இலை போடும் கடைகளுள் நம்மவருடையவை எத்தனை என்று பெரியவர் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். மகனின் விண்ணப்பப் படிவம் இன்னும் அவருடைய மேசையில்தான் கையொப்பமின்றிக் கிடக்கிறது.